குறுவையில் எதை முதலில் மாற்றுவது: மருந்தையா, உரத்தையா, தண்ணீரையா?

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்குப் பன்னிரண்டு மா, அதாவது நான்கு ஏக்கர், நன்செய் இருக்கிறது. இதுவரை அப்பா பார்த்துவந்தார். வரும் குறுவையிலிருந்து பொறுப்பு என்னுடையது. முதல் போகமான குறுவைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர், அடுத்த போகமான தாளடிக்கு வாய்க்கால் நீர் என்பதே எங்கள் ஏற்பாடு. நல்ல ஆண்டில் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை கண்டிருக்கிறோம். நட்ட இருபதாம் நாளையொட்டி யூரியாவோடு குருணை மருந்தை (மணிமணியான பூச்சிமருந்து) கலந்து வீசுவதும், அதன் பிறகு இரண்டு அல்லது மூன்று முறை தெளிப்பதும் அப்பா காலத்திலிருந்தே வழக்கம்.

எனக்கு மூன்று விதமான ஆலோசனைகள் வந்திருக்கின்றன. வேளாண் அலுவலர், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு, நீர் கட்டினால் தண்ணீரும் மிஞ்சும், வெப்பவாயுவான மீத்தேனும் குறையும் என்கிறார். உறவினர் ஒருவர் இரசாயனம் முழுவதையும் ஒரே பருவத்தில் விட்டுவிட்டு இயற்கை வேளாண்மைக்கு மாறச் சொல்கிறார். பூச்சிமருந்தை நிறுத்தினாலே போதும் என்பது நண்பர் ஒருவரின் கருத்து. மூன்றையும் சேர்த்துச் செய்யும் துணிவு எனக்கில்லை. விளைச்சலில் பெரிய அடி விழாமலும், வயலில் அற்றுப்போன நண்டு, நத்தை, கெண்டைக் குஞ்சு எல்லாம் திரும்பி வருமாறும் செய்ய எதில் தொடங்குவது?

கூகை:

குருணையை நிறுத்துவதில் தொடங்குங்கள். வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் சொன்ன மூன்றில் மிகக் குறைந்த இடர் உள்ளதும், ஒரே பருவத்தில் கண்ணால் பார்த்து நம்பக்கூடியதும் இதுதான்.

நட்ட முதல் முப்பது, நாற்பது நாள்களில் இலைச்சுருட்டுப் புழு போன்றவை செய்யும் சேதம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் தூர்கட்டும் (பக்கத் தண்டுகள் விடும்) பருவத்தில் இருக்கும் பயிர் புதிய இலைகளையும் புதிய தூர்களையும் விட்டு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. அறுவடையில் அதன் சுவடே இருப்பதில்லை. இதை வைத்துத்தான் வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 1994-ஆம் ஆண்டு தொடங்கி, விதைத்த முதல் நாற்பது நாள்களுக்குப் பூச்சிமருந்து வேண்டாம் என்று வானொலி நாடகங்கள் வழியாகவே பரப்பினார்கள். அந்தப் பகுதிகளில் தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; விளைச்சல் குறையவில்லை.

அந்த நாற்பது நாள்களில் வயலுக்குள் நடக்கும் இன்னொரு காரியம் நம் கண்ணில் படுவதில்லை. நீர் கட்டிய வயலில் முதலில் பெருகுபவை நெல்லைத் தொடாத பூச்சிகள். மட்கும் பொருளையும் நீர்ப்பாசியையும் உண்டு வாழும் கொசுவைப் போன்ற சிறு ஈக்கள் அவற்றில் முக்கியமானவை. சிலந்திகளும் தட்டான்களும் நீர்ப்பரப்பில் ஓடும் வேட்டைப் பூச்சிகளும் இவற்றைத் தின்றுதான் பெருகுகின்றன. பின்னால் புகையானும் (தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி) குருத்துப்பூச்சியும் (தண்டைக் குடையும் புழு) வந்துசேரும்போது, ஏற்கெனவே பெருகி நிற்கும் இந்தப் படை அவற்றை எதிர்கொள்கிறது. 1990-களில் ஜாவாத் தீவின் நெல்வயல்களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின; வயலில் மட்கும் பொருள் கூடினால் இந்தச் சிறு ஈக்களும், அவற்றை நம்பியிருக்கும் வேட்டைப் பூச்சிகளும் கூடுவதையும் அவை பதிவுசெய்தன. இருபதாம் நாள் நாம் வீசும் குருணை, தீமை செய்யும் பூச்சி வருவதற்கு முன்பே இந்தப் படையைக் கொன்றுவிடுகிறது. தீனி என்று எண்ணிக் கொத்தும் கொக்குக்கும் மைனாவுக்கும் சில குருணை மருந்துகள் நேரடி நஞ்சு என்பது தனிக் கதை.

கணக்குப்பிள்ளை:

கூகை ஐயாவின் விளக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் விவசாயியின் இடத்தில் நின்று ஒரு கேள்வி. குறுவைச் செலவில் பெரும்பகுதி உழவுக்கும் நடவுக்கும் அறுவடை இயந்திர வாடகைக்கும் போய்விடுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் பூச்சிமருந்துச் செலவு சிறியது. ஆகவே மருந்தை விடுவதால் மிஞ்சும் பணம் யாரையும் மாற்றிவிடாது. அந்தச் சிறு தொகையை விவசாயி ஒரு காப்பீடாகவே செலவிடுகிறார். புகையான் வந்தால் வட்ட வட்டமாகக் காய்ந்து, ஒரு வாரத்தில் ஒரு மா முழுவதும் வைக்கோலாகிவிடும். அப்போது சிலந்தியை நம்பியிருந்தேன் என்று கூட்டுறவு வங்கியில் சொல்ல முடியுமா?

கூகை:

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் புகையானைப் பொறுத்தவரை அந்தக் காப்பீடே விபத்தை வரவழைக்கிறது. புகையான் தன் முட்டையை நெல்லின் இலையுறைக்குள் கீறி இடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் முட்டையைத் தொடுவதில்லை. மருந்தில் சிலந்தியும், புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடுகின்றன. சில நாள் கழித்து முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் கிடைக்கிறது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்த வயலில் புகையான் முன்னிலும் பெருகும் என்பது நம் பல்கலைக்கழகம் முதல் பிலிப்பீன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வரை எல்லோரும் பல முறை பார்த்த ஒன்று.

இதற்கு ஒரு நாடே சாட்சி. இந்தோனேசியா 1970-களிலும் 80-களிலும் பூச்சிமருந்துக்குப் பெரும் மானியம் கொடுத்தது; புகையான் தாக்குதல் அடங்காமல் வளர்ந்தது. 1986-இல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று, நெல்லில் 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நின்றது. மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியபோதும் நெல் உற்பத்தி சரியவில்லை, கூடியது.

மருந்தையே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு அடியுங்கள் என்கிறேன். குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒன்று வந்தாலே நடவடிக்கை தேவை. இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சிலந்திக்கு மதிப்பு வைத்து எழுதப்பட்ட அளவுகோல் அது என்பதைக் கவனியுங்கள். இதோடு நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள். காற்றும் வெயிலும் தூருக்குள் இறங்கும், குனிந்து பார்க்கவும் வழி கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:

எண்ணிப் பார்ப்பதற்கு வாரம் ஒருமுறை வயலில் இறங்கும் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் பாதிப்பேர் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் இருக்கிறார்கள். நாள்குறித்துத் தெளிப்பது இன்னும் நீடிப்பதற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம். மருந்துக் கடையில் கடனுக்குக் கிடைக்கும் ஆலோசனையும் ஒரு காரணம்.

பூங்கார்:

மருந்தில் மட்டும் நிற்பது பாதி வழியில் நிற்பதாகும் என்பது என் கருத்து. நான் ஒரு பகுதியில் மாப்பிள்ளைச் சம்பாவும் இன்னொரு பகுதியில் பூங்காருமாகப் பாரம்பரிய இரகங்களை வைக்கிறேன். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை வாங்கி அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கும் முறையில்தான் எங்கள் பகுதியில் பலருக்கு விதை வந்தது. உயரமாக வளரும் இந்த இரகங்கள் களையை நிழலால் அடக்கும். வைக்கோலும் மாட்டுக்கு நிறையக் கிடைக்கும். இரகம் பலவாக இருந்தால் ஒரே நோய் ஊர் முழுவதையும் ஒருசேர அடிக்காது. உரத்தையும் மருந்தையும் சேர்த்து விட்டால்தான் மண் திரும்பும்.

கணக்குப்பிள்ளை:

மூட்டைக் கணக்கையும் சொல்லிவிடுங்கள், ஐயா.

பூங்கார்:

மறைக்க ஒன்றுமில்லை. குட்டை இரகம் தரும் விளைச்சலில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கிடைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் போட்டால் நட்டம்தான். அரிசியாக்கி, பழகிய வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பதால் எனக்குக் கட்டுப்படியாகிறது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேலும் இவற்றுக்கு யூரியா கொடுத்தால் பயிர் சாய்ந்துவிடும். ஆகவே இரண்டு முறைகளையும் கலக்க முடியாது.

இரணைமடு:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். ஒரே போகத்தில் எல்லாவற்றையும் விடுவது குறித்து எங்களுக்கு நேரடி அனுபவம் உண்டு. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளைகளினதும் (உரங்கள்) பீடைநாசினிகளினதும் (பூச்சிமருந்து போன்றவை) இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், போதிய அளவில் எங்கும் இருக்கவில்லை. இருந்ததும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. எதிர்ப்பு வலுத்தபின் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் பெரும்போக (மாரிகால) விதைப்பு அதற்குள் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெரும்போக அறுவடை நாடு முழுவதும் கடுமையாகச் சரிந்தது. பொருளாதார நெருக்கடி வேறு பல காரணங்களாலும் வந்தது என்றாலும், வயலில் ஏற்பட்ட இழப்புக்குக் காரணம் இதுதான்.

நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது: பசளையும் பீடைநாசினியும் கடையில் ஒரே தட்டில் இருக்கின்றன என்பதற்காக அவற்றை ஒரே ஆணையால் நிறுத்தக்கூடாது. பயிர் உண்ணும் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிறுத்தினால் அதற்கு ஈடாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டே ஆகவேண்டும். தேவையில்லாத மருந்தை நிறுத்தும்போது ஈடாக எதையும் வாங்கவேண்டியதில்லை. எங்கள் பகுதியில் அந்தப் போகத்தில் மருந்து கிடைக்காததைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைவிட, யூரியா கிடைக்காததால் மஞ்சளித்து நின்ற வயலைப் பார்த்து மனமுடைந்தவர்களே கூட.

கூகை:

இரணைமடு நண்பர் சொன்னதைத் தழைச்சத்துக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு தொன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. வெண்ணாற்றங்கரை சொன்ன மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை என்பது, மூட்டை 60 கிலோ என்று கொண்டால், ஏக்கருக்கு இரண்டு தொன்னுக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ தேவை. ஒரு தொன் தொழுவுரத்தில் இருப்பது ஐந்து கிலோ அளவுதான். அதிலும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதி. நான்கு ஏக்கருக்கு எத்தனை வண்டி எரு, அதற்கு எத்தனை மாடு என்று நீங்களே போட்டுப்பாருங்கள். டெல்டாவில் வண்டிமாடுகளும் உழவுமாடுகளும் போனபின் அந்த எரு எங்கிருந்து வரும்?

வழி இல்லாமல் இல்லை, ஆனால் அது மெதுவான வழி. ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாளுரச் செடியை விதைத்து, 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் 25 முதல் 30 கிலோ தழைச்சத்துக் கிடைக்கும். கோடை மழையில் சித்திரையில் விதைத்தால் குறுவை உழவுக்குச் சரியாக வரும். தமிழக அரசு 2024-இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இந்த விதைக்கு உதவியும் கிடைக்கிறது. இராமநாதபுரம் பக்கமிருந்து கோடையில் ஆட்டுமந்தையோடு வரும் கீதாரிகளிடம் சொல்லி, ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுங்கள்; மூத்திரமும் புழுக்கையும் வயலிலேயே விழுவதால் ஏற்றுக்கூலி இல்லை. இவற்றைச் செய்துகொண்டே, இலை வண்ண அட்டையை (இலையோடு ஒப்பிட எண்ணிட்ட பச்சை நிறங்கள் கொண்டது) வைத்து வாரம் ஒருமுறை பார்த்து யூரியாவைப் படிப்படியாகக் குறையுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே வெளுத்தால் மட்டுமே மேலுரம். கரும்பச்சையாகத் தளதளக்கும் பயிரைத்தான் இலைச்சுருட்டும் புகையானும் தேடி வருகின்றன. ஆகவே யூரியாவைக் குறைப்பது மருந்தைக் குறைப்பதன் மறுபாதி.

கடைமடை:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைமடைக்காரன் என்பதால் நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் வேதாரண்யம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான். துளையிட்ட குழாயைப் பாதி வெளியே தெரியுமாறு வயலில் புதைத்து, குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி நீர் கட்டினால் பயிருக்கு ஒரு கேடும் வராது. பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் நீர் நிற்கவேண்டும். மண்ணில் காற்றுப் புகுவதால் மீத்தேனை உருவாக்கும் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. அந்த வாயு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது.

ஆனால் இதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: வேண்டியபோது நீர் கட்டவும், வேண்டாதபோது வடிக்கவும் முடியவேண்டும். முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவன், வந்த தண்ணீரை வயல் கொள்ளுமட்டும் தேக்கத்தான் செய்வான், அது பேராசையன்று. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் வயலும் வடிகாலும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும் வடிகாலில் நீர் எங்கே வடியும்? அப்போது காய்ச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலோர உவர்நிலத்தில் வயலைக் காயவிட்டால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவரும் என்ற சிக்கலும் எங்களுக்கு உண்டு.

எங்கள் பக்கம் பழைய வழக்கமான புழுதி விதைப்பே காலநிலைக்கு ஏற்ற முறை என்று நினைக்கிறேன். ஆவணியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டால், ஐப்பசியில் நீர் தேங்கும் முன்பு பயிர் வேர்பிடித்து நிற்கும். அதுவரை வயலில் தேக்கமே இல்லாததால் மீத்தேனும் இல்லை. களைதான் எமன். இரகத்துக்கு சி.ஆர். 1009 சப்-1 வைக்கிறோம். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த மரபணு அதில் இருப்பதால் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீள்கிறது.

வெண்ணாற்றங்கரை:

அப்படியானால் ஆழ்துளைக் கிணறு உள்ள எனக்குக் குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் பொருந்தும், தாளடியில் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடைமடை:

ஆம். ஆனால் உங்கள் மண் களிமண் என்றால் வெடிக்கவிடாதீர்கள். வெடிப்பு ஆழமாக விழுந்துவிட்டால், அடுத்துப் பாய்ச்சும் நீர் பயிருக்கு நிற்காமல் வெடிப்பு வழியாகவே கீழே இறங்கிவிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். தலைமுடி அளவுக்குக் கீறல் தெரியும்போதே நீர் கட்டுங்கள், குழாயில் அளவு இன்னும் இருந்தாலும் சரி.

கணக்குப்பிள்ளை:

இங்கேயும் ஒரு கசப்பான உண்மை உண்டு. வேளாண் மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் விவசாயிக்குக் கையில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. நீர்மட்டம் ஊருக்குப் பொது, உழைப்பு மட்டும் அவருடையது. செம்மை நெல் சாகுபடியின் கதை என்ன ஆயிற்று? மடகாஸ்கரில் 1980-களில் உருவான அந்த முறையைத் தமிழ்நாடு அளவுக்குப் பரப்ப முயன்ற மாநிலங்கள் சில. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, கோனோவீடர் (உருட்டிக் களையெடுக்கும் கருவி) என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். விதையும் நீரும் மிச்சமாயின, தூரும் நன்றாகக் கட்டியது. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசி வரும் நடவுக் குழு, கயிறு பிடித்து ஒற்றை நாற்று நட ஒப்பவில்லை. ஆள்பற்றாக்குறையைக் கணக்கில் எடுக்காத எந்த நல்ல முறையும் டெல்டாவில் இரண்டு பருவத்துக்கு மேல் நிற்காது.

கார்பன் வரவு (வெப்பவாயுவைக் குறைத்ததற்கு ஈடாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) தருகிறோம் என்று சொல்லி இப்போது ஊர் ஊராக வருகிறார்கள். கையெழுத்துப் போடுமுன், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், அளப்பவர் யார், மழையில் வயல் மூழ்கிய பருவத்துக்கு என்ன கணக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கூகை:

கார்பன் கணக்கில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வயல் காய்ந்து நனையும்போது மீத்தேன் குறைகிறது, நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. யூரியாவைக் கைக்கு வந்தபடி வீசிவிட்டு வயலைக் காயவிட்டால், மீத்தேனில் கிடைத்த நன்மையில் ஒரு பகுதி இந்த வழியில் போய்விடும். பசுந்தாளுரத்திலும் இதே போன்ற ஒரு சிக்கல் உண்டு: தக்கைப்பூண்டை மடக்கிய மறுநாளே நீர் தேக்கினால், அழுகும் தழை மீத்தேனுக்குத் தீனியாகிறது. ஈரப்பதத்தில் பத்து நாளாவது மட்கவிட்டு, பிறகு தொளி (சேறு) கட்டுவது நல்லது. வெப்பவாயு, மண்வளம், நீர் ஆகிய மூன்றும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. மருந்துக் குறைப்பில் மட்டும் எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட எதிர்விளைவு இல்லை. நான் அதை முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம்.

பூங்கார்:

உயிர்ப்பன்மையைப் பற்றிப் பேசும்போது வரப்பை மறந்துவிட்டோம். வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு, எள், செண்டுமல்லி என்று பூக்கும் செடிகளை வைத்தால் பயிர்ப்பூச்சிகளின் முட்டையை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நான்கு ஆண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், இப்படிப் பூவரப்பு வைத்த வயல்களில் பூச்சிமருந்துத் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்து, விளைச்சல் 5 விழுக்காடும் வருவாய் 7.5 விழுக்காடும் கூடியிருக்கின்றன. விளைச்சல் கூடியிருப்பதைக் கணக்குப்பிள்ளை ஐயா கவனிக்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

கவனித்தேன். அந்த வரப்பில் எலி வளை தோண்டாதா? வரப்பை ஒடுக்கி வைத்தால்தான் எலி குறையும் என்று இதே வேளாண் துறைதானே சொல்கிறது? அதோடு தாழைக்கோழியைப் பற்றியும் யாராவது பேசுங்கள். இளம்பயிரைக் குத்துக் குத்தாகக் கடித்துப் போடும் நீலத் தாழைக்கோழியும், கதிரில் இறங்கும் மயிலும் எந்த உயிர்ப்பன்மைக் கணக்கில் வருகின்றன?

கூகை:

இரண்டும் உண்மையான முரண்கள், மழுப்பப் போவதில்லை. எலிக்கு என் விடை இதுதான்: உள்வரப்புகளை ஒடுக்குங்கள், வெளிவரப்பை மட்டும் அகலமாக விட்டுப் பயறு வையுங்கள், வளை தோண்டும் இடம் ஓரிடத்தில் குவிவதால் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறி வைப்பதும் எளிது. இரவில் கூகை வந்து உட்காரத் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள். பகலில் அதிலேயே கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் மட்டைகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கதிர் தின்னும் குருவிகளுக்கும் அதுவே ஆசனமாகிவிடும்.

தாழைக்கோழிக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. ஏரிகளில் ஆகாயத்தாமரையும் சம்பும் மண்டியிருக்கும் ஊர்களில் அதன் சேதம் அதிகம்; வடிகாலையும் ஏரியையும் தூர்வாரிய இடங்களில் சற்றுக் குறைந்திருக்கிறது. மயிலுக்கும் இழப்பீடுதான் நியாயமான வழி. அதை விவசாயியின் பொறுமையில் கட்டிவைக்கக்கூடாது.

ஆனால் எல்லாப் பறவையும் தாழைக்கோழி இல்லை. நம் திருவாரூர் மாவட்டத்தில் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் வடுவூர் ஏரியும் 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உதயமார்த்தாண்டபுரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கு நத்தையைச் சுற்றியுள்ள வயல்களில்தான் பொறுக்குகிறது. சரணாலயத்துக்கு வேலி போடலாம். அந்த நாரையின் உணவுக்கு வேலி கிடையாது. மன்னார்குடி வயலில் யார் எதை வீசுகிறார் என்பதைப் பொறுத்தது அது.

கடைமடை:

தாளடி அறுவடைக்குப் பின் பயறு விதைப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மெழுகுபதத்தில் இருக்கும் வயலில், நிற்கும் பயிருக்குள்ளேயே ஆடுதுறை 3 இரக உளுந்தைத் தெளிப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். ஒரு சொட்டு நீர் பாய்ச்சாமல், பனியிலும் எஞ்சிய ஈரத்திலும் விளையும். வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். அறுவடை இயந்திரம் வந்தபின் சக்கரத்தடத்தில் முளை நசுங்குவதால் பலர் இதைக் கைவிட்டார்கள். சங்கிலிச் சக்கரம் பூட்டிய இயந்திரத்தைக் கேட்டு வாங்கினால் சேதம் குறைகிறது, வாடகைதான் கூடுதல்.

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. நான் முடிவுசெய்திருப்பது இது: குறுவையில் நான்கு ஏக்கரிலும் குருணை இல்லை, எட்டடிப் பட்டமும் வாரக் கணக்கெடுப்பும் உண்டு. யூரியா, வண்ண அட்டைப்படி. காய்ச்சலும் பாய்ச்சலும் கிணற்றடி ஒரு ஏக்கரில் மட்டும், கீறல் விழும் முன் நீர் கட்டி. தக்கைப்பூண்டு அடுத்த சித்திரையில். பூங்கார் ஐயாவிடம் விதை வாங்கி, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மா. அப்பா குருணை விஷயத்தில் இன்னும் இணங்கவில்லை. நடுவில் ஒரு மாவை மட்டும் அவர் விருப்பப்படி விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று: வரப்பில் உளுந்தை எப்போது ஊன்றவேண்டும்?

கூகை:

அப்பாவின் மாவை நடுவில் வைக்காதீர்கள். அங்கே போடும் மருந்து நீரோடு நான்கு பக்கமும் பரவும். வடிகாலை ஒட்டிய கடைசி மாவைக் கொடுங்கள்.

உளுந்தை நடவு நாளிலேயே, வரப்பு அணைத்த ஈரத்தில் ஊன்றிவிடுங்கள். முப்பது, முப்பத்தைந்து நாளில் அது பூக்கும். குருத்துப்பூச்சிக்கான டிரைக்கோகிரம்மா (முட்டை ஒட்டுண்ணிக் குளவி) அட்டையை நட்ட 30, 37-ஆம் நாள்களில் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் கட்டவேண்டும், குளவி வெளிவரும்போது வரப்பில் பூ தயாராக இருக்கும். அட்டையை மாலையில் கட்டுங்கள், இலையின் அடிப்புறத்தில், வெயிலும் எறும்பும் படாதவாறு. எள்ளைக் குறுவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளடி மழையில் அழுகிவிடும்.